18 நாள் பட்டினி கிடந்த கடல் 'தேவதை'! மத்திகிரி தொழிலாளி வீட்டில் ஒரு போராட்டம்

மத்திகிரி,

"சார், எங்க தெருவுல ஒரு வீட்டுல ராத்திரி பூரா மோட்டார் ஓடுது. நீல வெளிச்சம் அடிக்குது. நேத்து பகல்ல பெரிய சாமான் ஒண்ணை ரெண்டு கம்பளி போட்டு மூடி வச்சிருந்தாங்க. என்னன்னு வந்து பாருங்க."

இப்படி ஒரு போன் வந்தால் எந்த நிருபர்தான் சும்மா இருப்பார்? கள்ளச் சாராயமா, கள்ள நோட்டா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக் கொண்டே ஓசூர் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். மத்திகிரி கூட்ரோட்டில் இறங்கி, சந்துக்குள் நுழைந்து, கதவைத் தட்டினோம்.

கதவைத் திறந்தவர் ஒரு தொழிற்சாலை ஊழியர். 'நைட் ஷிப்டு' முடித்து வந்த கண்கள் சிவந்திருந்தன. விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. சிரித்து விட்டார்.

"உள்ள வாங்க தம்பி. சாமான் இல்ல, மீனு!" என்றார்.

தங்க நிறம், நீலக் கோடு

கூடத்தில் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் உடைந்த பானை ஓடுகளைக் குவித்து ஒரு குகை. அந்தக் குகை வாசலில் ஒரே ஒரு மீன் எட்டிப் பார்த்தது.

உள்ளங்கை அகலம்தான். உடம்பு முழுக்க ஆரஞ்சு கலந்த மஞ்சள். அதன் மேல் வெளிர் நீலத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். ஒவ்வொரு பட்டைக்கும் கறுப்புக் கரை. பட்டுப் புடவைக்குக் கரை வைத்த மாதிரி இருந்தது.

இதன் பெயர் 'ரீகல் ஏஞ்சல்'. ராஜ தேவதை என்று வைத்துக் கொள்ளலாம். 1772-ம் ஆண்டிலேயே போடேர்ட் என்ற டச்சு விஞ்ஞானி இதற்கு அறிவியல் பெயர் வைத்து விட்டார். முழு வளர்ச்சி அடைந்தால் 25 சென்டி மீட்டர் வரை வரும்.

கன்னத்தில் ஒரு கூரான முள் உண்டு. பட்டாம்பூச்சி மீனுக்கும் கடல் ஏஞ்சலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இந்த முள்தான் அடையாளம். வலையில் பிடித்தால் முள் மாட்டிக் கொள்ளும். அதனால் தெரிந்தவர்கள் இதை பிளாஸ்டிக் டப்பாவில்தான் ஏந்துவார்கள்.

"அழகா இருக்கே அண்ணா" என்றோம்.

"அழகெல்லாம் சரி. இன்னையோட 18 நாள். ஒரு வாய் சாப்பிடல" என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது.

கடையில் பார்க்கும் ஏஞ்சல் வேறு

வாசகர்கள் குழம்பக் கூடாது. சென்னை கொளத்தூரில் இருந்து ஊர் ஊராகப் போகும் வண்ண மீன்களில் 'ஏஞ்சல்' என்று ஒன்று உண்டு. முக்கோணமாக, நீளமான துடுப்போடு இருக்கும். அது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று இனம். நல்ல தண்ணீர் மீன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து விட்டாலே வாழ்ந்து விடும். குட்டித் தொட்டிகளிலேயே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும்.

நாம் பார்த்தது கடல் ஏஞ்சல். குடும்பமே வேறு. உப்பு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

நல்ல தண்ணீர் மீனின் உடம்பில் தண்ணீர் தானாக உள்ளே ஏறும். கடல் மீனுக்கு நேர் எதிர். அதன் உடம்பில் இருந்து தண்ணீர் வெளியே போய்க் கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட அது கடல் தண்ணீரைக் குடித்து, உப்பை செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. நாள் முழுக்க இந்த வேலை நடக்க வேண்டும். தண்ணீர் கெட்டால் முதலில் கெடுவது இந்த வேலைதான்.

முதல் முயற்சி: 3 நாளில் 4 சாவு

அந்த ஊழியர் நம்மிடம் கூறியதாவது:-

"சின்ன வயசுல ராமேசுவரம் போனப்ப, பாம்பன்ல படகுல கூட்டிட்டுப் போயி பாறைக்குள்ள மீன் காட்டினாங்க. அதுல இருந்து ஆசை. வேலைக்கு வந்து, கல்யாணம் ஆகி, புள்ள பொறந்து, 40 வயசுக்கு மேலதான் தொட்டி வாங்கினேன்.

கடையில கேட்டேன். 'இன்னைக்கு உப்புத் தண்ணி ஊத்துங்க, நாளைக்கு மீன் விடுங்க'ன்னு சொன்னாங்க. நானும் நம்பி சின்ன மீனா நாலு விட்டேன். மூணாம் நாள் நாலும் மல்லாந்து கிடந்துச்சு. என் பொண்ணு அன்னைக்கு ஸ்கூல் போக மாட்டேன்னு அழுதுச்சு."

இவ்வாறு அவர் கூறினார்.

காரணம் என்ன? மீன் கழிவில் இருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். கடலில் அது எங்கேயோ கரைந்து போகும். தொட்டியில் போக இடம் இல்லை. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு ஆபத்து இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

இந்த இரண்டு பாக்டீரியாவும் கல்லிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன் விட்டால், கழிவறை கட்டாத வீட்டில் பத்து பேரைக் குடி வைத்த கதைதான்.

இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. மூன்று மாதம் மீனே இல்லாமல் தொட்டியை ஓட விட்டார். பாக்டீரியாவுக்குச் சாப்பாடாக அவ்வப்போது ஒரு இறால் துண்டு போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் "வெறும் தண்ணிக்கு எதுக்குப்பா இத்தனை கரண்ட்?" என்று கேலி செய்தார்கள்.

அந்த மூன்று மாதத்தில் இன்னொரு லாபமும் உண்டு. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஒரு ஒட்டுண்ணி காரணம். ஒட்டிக் கொள்ள மீன் இல்லாவிட்டால் அது பட்டினியில் செத்து விடும். நோய் வந்த பிறகு செம்பு மருந்து போடலாம். ஆனால் ஏஞ்சல் மீனுக்குச் செம்பு அளவு கொஞ்சம் கூடினாலும் தாங்காது. வரும் முன் காப்பதுதான் புத்தி.

மத்திகிரியில் கடல் தயாராகிறது

1909-ம் ஆண்டு சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சி சாலை திறந்தார்கள். இந்தியாவிலேயே முதல் காட்சி சாலை அதுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மூடப்பட்டது. பம்பாயில் 1951-ல் தாராப்பூர்வாலா காட்சி சாலை வந்தது. அதுவும் கடலைப் பார்த்த இடம்தான். கடல் வாசலிலேயே இருந்தால் தண்ணீருக்குக் கவலை இல்லை.

மத்திகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே கடலைச் சமையல் மாதிரி தயார் செய்ய வேண்டும்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தத் தொட்டியில் ஓடு, மணல் போக சுமார் 500 லிட்டர் தண்ணீர். அப்படியானால் முதல் தடவை மட்டும் பதினேழரை கிலோ உப்பு. வாரம் 50 லிட்டர் மாற்றினால் வாரத்துக்கு ஒண்ணே முக்கால் கிலோ.

கடை உப்பு உதவாது. கடலில் இருப்பது சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பல சத்துகள் குறிப்பிட்ட கணக்கில் கலந்திருக்கின்றன. அதற்கென்று தனி உப்புக் கலவை பாக்கெட்டில் வருகிறது.

போர் தண்ணீரும் உதவாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது ஊர் அறிந்த சங்கதி. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! அதனால் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீரில்தான் இவர் உப்புக் கலக்குகிறார். கருவி கழிக்கும் தண்ணீரை வீணாக்காமல் அவர் மனைவி பாத்திரம் துலக்கப் பிடித்து வைத்துக் கொள்கிறார்.

இன்னொரு தப்பும் இவர் செய்திருக்கிறார். தினமும் தொட்டியில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு உப்புத் தண்ணீரை ஊற்றினார். உப்பு ஏறிக் கொண்டே போனது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கி விடும் என்று பிறகுதான் புரிந்தது. இப்போது வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் மட்டத்தை நிரப்புகிறார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் இந்த வீட்டின் 'கணக்குப்பிள்ளை'. நாற்பது பக்க நோட்டில் காலை, மாலை இரண்டு வேளையும் எழுதுகிறாள். வெப்பம் 26. உப்பு 1.025. கார அளவு 8.2. கடைசிக் கட்டத்தில் 'சாப்பாடு' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே வரிசையாக 18 'இல்லை'.

குளிர் ஒரு எதிரி

சென்னையில் கடல் மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிர வைக்க இயந்திரம் வாங்குகிறார்கள். மத்திகிரியில் தலைகீழ். மார்கழி, தை மாத இரவில் நமக்கே பல் தந்தி அடிக்கும். பவளப் பாறை மீனுக்கு 25, 26 டிகிரி வேண்டும். அதனால் தொட்டியில் இரண்டு ஹீட்டர்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும்.

"நூறு யூனிட் இலவச கரண்டெல்லாம் எங்க வீட்டுல ரெண்டு வாரத்துல தீர்ந்துடும் சார்" என்று சமையல் கட்டில் இருந்து குரல் வந்தது. மனைவியின் குரல். "பிரிஜ்ஜைத் திறந்து பாருங்க. என் பால் பாக்கெட்டுக்கு இடம் இல்ல. ஒரு தட்டு பூரா மீனோட சாப்பாடு. வெள்ளிக்கிழமை கூட இறால் இருக்கு!"

ஏன் சாப்பிடவில்லை?

இதுதான் பெரிய கேள்வி. கடல் மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் ரீகல் ஏஞ்சலுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. 'பட்டினி கிடந்தே சாகும்' என்பார்கள். காரணங்கள் மூன்று.

முதல் காரணம், அதன் வாய் ருசி. கடலில் இது முக்கியமாகத் தின்பது கடற்பஞ்சு. பாறையில் ஒட்டி வளரும் ஒரு உயிரினம் அது. பாறை இடுக்கில் நாள் முழுக்கக் கொத்திக் கொத்தித் தின்று பழகிய மீனுக்கு, மேலே இருந்து விழும் தூள் தீவனம் சாப்பாடு என்றே தெரியாது.

இரண்டாவது காரணம், பயம். கடலில் ஏதோ ஒரு பாறையடியில் பிடிபட்டு, பிளாஸ்டிக் பையில் அடைபட்டு, விமானத்தில் பறந்து, கடை கடையாக மாறி, கடைசியில் பெங்களூருவில் இருந்து பைக்கில் ஓசூருக்கு வந்திருக்கிறது. மனுசனுக்கே இத்தனை அலைச்சல் என்றால் சாப்பாடு இறங்குமா?

எந்தக் கடலில் பிடித்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஆனால் மீனின் நெஞ்சு மஞ்சளாக இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் பக்கத்து ரீகலுக்குத்தான் நெஞ்சு மஞ்சள். பசிபிக் கடல் பக்கத்து மீனுக்கு நெஞ்சு சாம்பல் நீலம். அந்த வகையில் நம்ம பக்கத்து மீன்தான் என்று சொல்லலாம்.

மூன்றாவது காரணம், விஷம். 1960-களில் பிலிப்பைன்சில் ஒரு மோசடி ஆரம்பித்தது. சயனைடைத் தண்ணீரில் கரைத்துப் பவளப் பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கி வெளியே வரும். அள்ளிக் கொள்வார்கள். மயக்கம் தெளிந்த மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளுறுப்பு கெட்டு, வாங்கியவர் வீட்டில் போய்ச் சாகும். அங்கே இருந்த பவளமும் செத்துப் போகும். ஒரு மீனுக்காக ஒரு பாறையையே கொலை செய்வது என்றால் இதுதான்.

இந்த ஊழியர் 18 நாளில் என்னவெல்லாம் போட்டுப் பார்த்தார்? பொடியாக நறுக்கிய இறால், கடல்பாசித் தாள், வேக வைத்து மசித்த பச்சைப் பட்டாணி, பூண்டுச் சாறில் ஊற வைத்த தீவனம். மீன் கிட்டே வரும். முகர்ந்து பார்க்கும். திரும்பிக் குகைக்குள் போய்விடும்.

யாரிடம் கேட்பது? மத்திகிரியில் மாட்டுக்குப் பெயர் போன கால்நடைப் பண்ணை இருக்கிறது. கோழிக்கு என்று தனிக் கல்லூரியே இருக்கிறது. கடல் மீனுக்கு இந்த ஊரில் ஒரு ஆளும் கிடையாது.

போர்வை மர்மம்

நமக்குப் போன் வந்ததற்குக் காரணமான சம்பவம் 17-ம் நாள் நடந்தது. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின் நிறுத்தம்.

நமக்கு மின்விசிறி நின்றால் வியர்க்கும். அவ்வளவுதான். தொட்டிக்கு மோட்டார் நின்றால் தண்ணீர் ஓட்டம் நிற்கும். காற்று கலக்காது. மீன் மூச்சுத் திணறும். பாக்டீரியாவும் காற்று இல்லாமல் சாக ஆரம்பிக்கும். ஹீட்டர் நின்றால் குளிர் ஏறும்.

இரவு ஷிப்டு முடித்து 7 மணிக்கு வந்த மனிதர் படுக்கவில்லை. வீட்டில் இருந்த இரண்டு கம்பளிகளையும் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினார். இதைத்தான் யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து 'மர்மச் சாமான்' ஆக்கி விட்டார்கள்!

பேட்டரியில் ஓடும் சின்ன காற்று மோட்டார் ஒன்று இருந்தது. மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்து போனது. கடைக்கு ஓடினால் அந்த அளவு பேட்டரி இல்லை. அதற்குள் வீட்டுக்காரம்மா சேலையைச் செருகிக் கொண்டு ஸ்டூல் மேல் ஏறி விட்டார். ஒரு சொம்பு எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றினார். மொண்டார், ஊற்றினார். இப்படி ஊற்றும்போது காற்று கலக்கும். பழைய காலத்து வழி. ஆனால் வேலை செய்யும்.

"கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நூறு சொம்பு. இவரு கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். கை வீங்கிப் போச்சு சார். ஒரு மீனுக்கு இப்படியான்னு திட்டிக்கிட்டேதான் ஊத்தினேன்" என்றார் அந்த அம்மாள்.

"அப்புறம் ஏன்க்கா ஊத்தினீங்க?" என்றோம்.

"உயிராச்சே! கொண்டு வந்து வச்சுட்டோமே!" என்றார்.

கரண்ட் வந்தபோது மாலை 5.40. பள்ளியில் இருந்து வந்த மகள் நோட்டில் எழுதினாள்: வெப்பம் 25. ஒரே ஒரு டிகிரிதான் குறைந்திருந்தது. மீன் உயிரோடு இருந்தது. 'சாப்பாடு: இல்லை.'

பவளம் வாங்கினால் ஜெயில்!

குகைக்கு ஏன் பானை ஓடு என்று கேட்டோம். அதில் ஒரு எச்சரிக்கை அடங்கி இருக்கிறது.

ஒரு இடத்தில் இவரிடம் "உயிருள்ள பவளம் தர்றேன், தொட்டி ஜொலிக்கும்" என்று ஆசை காட்டினார்களாம். இவர் விசாரித்து விட்டு ஆளை விட்டால் போதும் என்று வந்து விட்டார். நல்ல வேளை!

பவளப் பாறை, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. முதல் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் கொண்டு வந்த திருத்தத்தின்படி அபராதமும் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. 'கடையில் விற்றார்கள், வாங்கினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. விற்பவர் மட்டும் அல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கக் காரணம் உண்டு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் அந்தப் பகுதி கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. பவளம் போனால் மீன் போகும். மீன் போனால் மீனவன் வயிறு போகும்.

பாக்டீரியாவுக்குத் தேவை ஓட்டை உள்ள கல்தான். சுட்ட மண் ஓடு போதும். "பக்கத்துல குயவர் வீட்டுல உடைஞ்ச பானை கேட்டேன். காசே வாங்கல" என்றார் ஊழியர்.

வளர்க்கலாமா, கூடாதா?

மீனை வாங்கியது தப்போ என்று இப்போது அவருக்கே சந்தேகம்.

"ஆசைக்கு வாங்கினேன் தம்பி. இதுக்காக ஓவர்டைம் பார்த்த காசு. அது போனாப் போகுது. கடல்ல சுகமா இருந்ததை இங்க கொண்டாந்து பட்டினி போடறேனேன்னு ராத்திரி மிஷின் முன்னாடி நிக்கிறப்ப தோணுது" என்றார்.

இதை முதலில் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும். கடல் மீன் ஆசை இருந்தால் கோமாளி மீனில் ஆரம்பிப்பது நல்லது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டுபிடித்து விட்டார்கள். தொட்டியில் பிறந்த மீனுக்குத் தொட்டிதான் ஊர். தீவனம் பழக்கம். கடலில் இருந்து ஒரு மீனும் குறையாது.

ஏஞ்சலையும் அப்படி வளர்க்க முடியாதா? கஷ்டம். கோமாளி மீன் பாறையில் முட்டையை ஒட்டி வைத்துக் காவல் காக்கும். ஏஞ்சல் அந்தி நேரத்தில் ஆணும் பெண்ணுமாக மேலே எழும்பி முட்டையைத் தண்ணீரில் விட்டு விடும். முட்டை மிதந்து போகும். அதில் வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு. அதன் வாய்க்கு ஏற்ற இரை கொடுப்பதே பெரும்பாடு. வெளிநாடுகளில் சில ஏஞ்சல் இனங்களில் வெற்றி கண்டிருக்கிறார்கள். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னும் கடலில் பிடித்ததுதான்.

அப்படியும் ரீகல்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கடைக்காரரிடம், "என் கண் முன்னால் அது சாப்பிடட்டும். பிறகு காசு தருகிறேன்" என்று சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்கி வந்து வீட்டில் பழக்கலாம் என்று நினைத்தால் 18 நாள் கதைதான்.

கடைசி மருந்து

நாம் கிளம்பும் நேரம். ஊழியர் பிரிஜ்ஜில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பெங்களூருவில் கேரளாக்காரர் மீன் கடையில் வாங்கிய கல்லுமக்காய். கறுப்பு ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறச் சதை இருக்கும் சிப்பி.

"தூக்கிப் போட்ட சாப்பாடு அதுக்குத் தெரியல. பாறையில ஒட்டியிருக்கறதைக் கொத்தறதுதானே அதுக்குப் பழக்கம்? ஓட்டோட வச்சுப் பார்ப்போம்" என்றார்.

சிப்பியைப் பிளந்து, சதை ஒட்டிய பாதி ஓட்டைக் குகை வாசலில் பானைத் துண்டுக்கு இடையே செருகி வைத்தார். விளக்கைக் குறைத்தார். மீன் எட்டிப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

அரை மணி நேரம் நாம் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். டிபன் பாக்சை எடுத்துக் கொண்டார். தொட்டியைத் திரும்பிப் பார்த்துக் கொண்டே செருப்பு மாட்டினார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நமக்குப் போன். இந்தத் தடவை பேசியது சிறுமி.

"அங்கிள்! சிப்பியில பாதி காணோம்! நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பார்த்தோம். கொத்திக் கொத்தித் திங்குது! நோட்டுல 'சாப்பாடு: ஆமாம்'னு எழுதிட்டேன்!"

"அப்பா என்ன சொன்னார்?"

"அப்பா தொட்டி முன்னாடி தரையிலயே படுத்துத் தூங்கிட்டாரு."

ஒரு நாள் சாப்பிட்டால் பிழைத்து விடும் என்று அர்த்தம் இல்லை. தினமும் சாப்பிட வேண்டும். சிப்பியில் இருந்து மெல்ல மெல்லத் தீவனத்துக்கு மாற வேண்டும். இன்னும் பல வாரம் கண்டம் இருக்கிறது. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போனை வைக்கும் முன் சிறுமியிடம் இருந்து அம்மா வாங்கிப் பேசினார்.

"சார், அடுத்த மாசம் எங்க ஏரியாவுல கரண்ட் கட் என்னைக்குன்னு உங்க பேப்பர்லதானே போடுவீங்க? ரெண்டு நாள் முன்னாடியே போடுங்க சார். பேட்டரி வாங்கி வைக்கணும்."